சுரங்க மாசைச் சதுப்புநிலத் தாவரங்கள் தாங்கும் விதம்: வேரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து கசியும் ஓடையில் கற்களெல்லாம் துருநிறம் ஏறிக் கிடக்கும். மீனோ தவளையோ கண்ணில் படாது. அதே நீரின் ஓரத்தில் சம்பும் நாணலும் ஆளுயரத்துக்குப் பச்சையாக நிற்பதைப் பார்ப்பவர்களுக்கு, இந்தச் செடிகள் நஞ்சை உறிஞ்சிக் குடித்து நீரைச் சுத்தமாக்குகின்றன என்ற எண்ணமே முதலில் தோன்றும். அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. சதுப்பில் வேரூன்றி வாழும் தாவரங்களில் மிகப்பல, உலோகத்தை உடலுக்குள் ஏற்பதால் அல்ல, ஏற்காமல் தடுப்பதால்தான் பிழைக்கின்றன. அவை நஞ்சை வேரின் மேற்புறத்திலும் வேரைச் சுற்றியுள்ள சேற்றிலும் நிறுத்திவைக்கின்றன. அப்படி நிறுத்திவைக்கப்பட்ட நஞ்சு எங்கும் போய்விடுவதில்லை. அந்தச் சேறு ஈரமாக இருக்கும்வரை அங்கேயே இருக்கிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் செய்யப்படும் ஆய்வும் நடவும் பிழையான முடிவுகளுக்கே கொண்டுபோகும் என்பதால், கீழே உள்ள படிகள் நீரில் தொடங்கிச் சேற்றுக்கும், சேற்றிலிருந்து வேருக்கும், வேரிலிருந்து இலைக்கும் போகின்றன. தாவரவியல் மாணவர்கள், சுரங்கப் பகுதியின் நீர்நிலைகளைக் கண்காணிப்பவர்கள், பாழ்பட்ட சதுப்பை மீட்க முயல்பவர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

முதல் படி: செடியைப் பார்க்கும் முன் நீரைப் படியுங்கள்

சுரங்க மாசில் பெரும்பகுதிக்கு மூலம் பைரைட் என்னும் இரும்புக் கந்தகத் தாது. பாறைக்குள் புதைந்திருக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. தோண்டி உடைத்துக் காற்றும் நீரும் படும்படி விடும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து, கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் வெளிவிடுகிறது. முதலில் வெளிவருவது நீரில் எளிதில் கரையும் ஃபெரஸ் வடிவ இரும்பு. அது மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, துருவாகப் படியக்கூடிய ஃபெரிக் இரும்பாக மாறியதும், அந்த ஃபெரிக் இரும்பே திரும்பப் பைரைட்டைத் தாக்கி மேலும் அமிலத்தை உண்டாக்குகிறது. அமில நீரில் தானாக மிக மெதுவாக நடக்க வேண்டிய அந்த மாற்றத்தை அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் பல்லாயிரம் மடங்கு விரைவாக்குகின்றன. நிலக்கரிச் சுரங்க நீரின் அமிலத்தன்மையில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்பதைக் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் 1947-ல் எடுத்துக்காட்டினர். இப்படி உருவான அமிலம், வழியில் உள்ள பாறைகளிலிருந்து துத்தநாகம், செம்பு, காட்மியம், நிக்கல், அலுமினியம், மாங்கனீசு ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்துக்குள் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (7 நடுநிலை; குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுழியத்துக்கும் கீழே, -3.6 வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. அத்தகைய நீரில் எந்தச் சதுப்புச் செடியும் வாழாது. செடிகள் நிற்கும் இடங்களில் பிஎச் பெரும்பாலும் 3-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்.

சுரங்கநீர் எல்லாமே புளிப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. சுண்ணாம்புப் பாறை நிறைந்த இடங்களில் அமிலம் அங்கேயே நடுநிலையாகிவிடும். ஆனால் துத்தநாகமும் ஆர்செனிக்கும் சல்பேட்டும் நீரிலேயே தங்கியிருக்கும். தெளிந்த நீரும் 7-ஐ ஒட்டிய பிஎச்சும் மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகா. சுரங்கம் மூடப்பட்டதும் மாசு நின்றுவிடும் என்பதும் சரியன்று. இறைப்பான்கள் நின்றதும் நிலத்தடி நீர் மேலேறி, பழைய குடைவுகளை நிரப்பி வழியும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991-ல் மூடப்பட, 1992 ஜனவரியில் அதன் நீர் வெடித்து வெளியேறி ஆற்றுமுகத்தைச் செந்நிறமாக்கியது இப்படித்தான். வேறொரு வகை விபத்தும் உண்டு. ஸ்பெயினில் அஸ்னால்கோயார் சுரங்கத்தின் கழிவுச்சேற்று அணை 1998 ஏப்ரலில் உடைந்தபோது, அமில நீரோடு நுண்பொடியான தாதுக் கழிவும் ஆற்றில் இறங்கி, டோன்யானா சதுப்புநிலத்தின் வாசல்வரை வந்தது.

களத்தில் அளக்க வேண்டியவை: பிஎச், மின்கடத்துதிறன், காரத்தன்மை (அமிலத்தை நடுநிலையாக்கும் திறன்), கரைந்த இரும்பு, சல்பேட், பாறைக்கு ஏற்ப எதிர்பார்க்கப்படும் பிற உலோகங்கள். உலோகத்துக்கான நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் களத்திலேயே வடித்து, நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து எடுத்துச்செல்ல வேண்டும். வடிக்காத மாதிரி ஒன்றும் வேண்டும், ஏனெனில் நீரில் மிதக்கும் துருப்பொடியில் ஒட்டிய உலோகமும் சதுப்புக்குள்தான் போய்ச்சேருகிறது.

ஒரு எளிய சோதனையைத் தவறவிடாதீர்கள். ஊற்றுக்கண்ணில் எடுத்த நீரின் பிஎச் 6 என்று காட்டலாம். அதில் ஃபெரஸ் இரும்பு மிகுந்து காரத்தன்மை குறைந்திருந்தால், காற்றுப்பட்டு இரும்பு துருவாகப் படியும்போது அமிலம் பிறந்து பிஎச் 3 வரை விழும். ஆகவே அதே நீரைத் திறந்த குடுவையில் அவ்வப்போது கலக்கிவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். செடிகளின் வேர் எதிர்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது நீரைத்தான்.

இரண்டாம் படி: சேற்றின் அடுக்குகளை அறியுங்கள்

நீரில் மூழ்கிய மண்ணுக்குள் ஆக்சிஜன் மிக மெதுவாகவே பரவும். மேலே சில மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பழுப்பான, காற்றுள்ள தோல் போன்ற ஓர் அடுக்கு இருக்கும். அதற்குக் கீழே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்கு மாற்றாக நைட்ரேட், மாங்கனீசு, ஃபெரிக் இரும்பு, சல்பேட் என்று வரிசையாகப் பயன்படுத்தித் தீர்க்கும். இந்த வரிசையின் கடைசிப் பகுதிதான் சுரங்க மாசுக்கு முக்கியமானது. சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள், செடிகள் உதிர்க்கும் இலைதழையின் கரிமப்பொருளை உண்டு, சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. அதோடு பைகார்பனேட்டும் உண்டாகி நீரின் புளிப்பைக் குறைக்கிறது. துத்தநாகம், செம்பு, காட்மியம், ஈயம் ஆகியவற்றைச் சல்பைடு கண்டதும் பிடித்துக் கரையாத கருஞ்சேறாக்கி அடியில் படியவைக்கிறது. சுரங்கம் பிரித்துக் கரைத்துவிட்ட கந்தகத்தையும் உலோகத்தையும் சதுப்பு மீண்டும் கல்லாக்கிப் புதைக்கிறது என்று இதைச் சொல்லலாம்.

கையில் கருவி இல்லையென்றாலும் சேறு பேசும். ஒரு குழாயைச் செருகி எடுத்த சேற்றுத்தூணில் ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறம் காற்றுள்ள பகுதியைக் காட்டும்; சாம்பல் நிறம் இரும்பு ஒடுக்கமடைந்ததை, அதாவது ஃபெரிக் மீண்டும் ஃபெரஸாக மாறியதைக் காட்டும்; கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் சல்பைடு உருவாவதைக் காட்டும். கருவி உள்ளவர்கள் பிளாட்டினம் மின்முனையால் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தத்தை அளக்கலாம். நடுநிலைச் சேற்றில் சல்பேட் ஒடுக்கம் ஏறத்தாழ -100 மில்லிவோல்ட்டுக்குக் கீழேதான் தொடங்கும். நாற்றம் கடுமையாக உள்ள இடத்தில் குனிந்து முகர்ந்துபார்ப்பதைத் தவிருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு மூச்சுக்கு ஆபத்தான வாயு.

ஆர்செனிக் இந்த விதிக்கு நேர்மாறாக நடக்கும். காற்றுள்ள மண்ணில் அது துருவோடு ஒட்டிக் கிடக்கும். மண் மூழ்கித் துரு கரையத் தொடங்கியதும் ஆர்செனைட்டாக நீருக்குள் வந்துவிடும். சல்பைடு போதிய அளவில் உருவானால் அதில் ஒரு பங்கு மறுபடி பிடிபடலாம். துத்தநாகத்துக்கு நல்லதான ஒரு நீர்மட்டம் ஆர்செனிக்குக்குக் கெட்டதாக அமையலாம் என்பதை முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பது அவசியம்.

மூன்றாம் படி: எந்தச் செடிகள் நிற்கின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள்

உலகின் பல பகுதிகளிலும் சுரங்கநீர் புகும் சதுப்புகளில் திரும்பத் திரும்பத் தென்படும் இனங்கள் சிலவே: டைஃபா இனச் சம்புகள், ஃபிராக்மிடிஸ் நாணல், ஜங்கஸ், எலியோகாரிஸ், கேரக்ஸ் வகைக் கோரைகள், குளிர்நாடுகளில் காய்க்கும்போது பஞ்சுத்தலை விடும் எரியோஃபோரம். ஜெர்மனியின் பழைய பழுப்பு நிலக்கரிக் குழிகளில் தேங்கிய, பிஎச் 3-ஐ ஒட்டிய ஏரிகளில்கூட ஜங்கஸ் பல்போசஸ் நீருக்கடியில் வளர்கிறது.

இவை சுரங்கத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று பழகியதால் தாங்கும் திறனைப் பெற்றனவா? உலர்நிலப் புற்களில் விடை பெரும்பாலும் ஆம் என்பதுதான். சுரங்கக் கழிவுமேட்டில் தலைமுறைகளாக வளர்ந்த புல் உலோகத்தைத் தாங்கும்; அதே இனத்தின் மேய்ச்சல்நிலப் புல் தாங்காது. சதுப்புச் செடிகளில் பலவற்றுக்கு இது பொருந்துவதில்லை. துத்தநாக உருக்காலை ஒன்றின் அருகில் வளர்ந்த சம்பையும் தூய்மையான இடத்துச் சம்பையும் ஒப்பிட்டு 1974-ல் வெளியான ஆய்வு, தனித்த தாங்கும் மரபினம் எதுவும் உருவாகாமலே இரண்டும் தாங்குகின்றன என்று காட்டியது. பிறகு வேறு பல சதுப்பு இனங்களிலும் இதே போக்கு தெரிந்தது. இதற்கு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படும் விளக்கம் இது: நீர் தேங்கிய மண்ணில் இரும்பும் மாங்கனீசும் சல்பைடும் இயற்கையாகவே நஞ்சாகும் அளவுக்கு மிகுகின்றன. அந்த மண்ணில் வாழக் கற்ற செடிக்குத் தற்காப்பு சுரங்கம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பிறவிச் சொத்தாக இருந்திருக்கிறது.

நடவுக்கு இதனால் கிடைக்கும் பயன் பெரிது. மாசுபட்ட இடத்திலிருந்துதான் நாற்று எடுத்துவர வேண்டும் என்ற கட்டாயம் பல இனங்களுக்கு இல்லை.

இனங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரே சம்பு அடர்ந்து மண்டியிருப்பது நலத்தின் அடையாளம் அல்ல. தாங்காத எல்லாம் அழிந்தபின் எஞ்சியது அது. அதே மண்ணும் அதே நீராழமும் கொண்ட, மாசு எட்டாத ஒரு சதுப்பை அருகிலேயே தேடி, அங்கும் இதே கணக்கை எடுத்தால்தான் இழப்பு எவ்வளவு என்று தெரியும்.

நான்காம் படி: ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இது. அவசரப்படாமல் செய்ய வேண்டியதும் இதுவே. பிடுங்கினால் நுனிவேர்கள் அறுந்துவிடும். சுற்றியுள்ள சேற்றோடு கட்டியாக வெட்டியெடுத்து, அதே இடத்து நீரில் மெதுவாக அலசுங்கள்.

தண்டையோ பருத்த வேரையோ குறுக்கே நறுக்கினால் உள்ளே தேன்கூடு போன்ற காற்றறைகள் தெரியும். ஏரங்கைமா எனப்படும் இந்தத் திசு வழியாக இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்குகிறது. நாணலிலும் சம்பிலும் இது வெறும் பரவலோடு நிற்பதில்லை. இளம் இலைகளுக்குள் ஏற்படும் சிறு அழுத்தம் காற்றைக் கீழே தள்ளுகிறது. மட்டநிலத்தண்டு (சேற்றுக்குள் கிடையாக ஓடும் தண்டு) வழியே ஓடிய காற்று, முதிர்ந்த தண்டுகள் வழியாக வெளியேறுகிறது. நாணலில் பட்டுப்போய் ஒடிந்து நிற்கும் பழைய தண்டுகளும் இந்தக் காற்றோட்டத்துக்கு உதவுகின்றன. அழகுக்காகவோ சுத்தத்துக்காகவோ அந்தக் காய்ந்த தண்டுகளை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் மட்டநிலத்தண்டு மூச்சடைத்து அழியக்கூடும். இதை அறியாமல் ‘சுத்தம்’ செய்யப்பட்ட நாணற்படுகைகளை எண்ணி வருந்தாமல் இருக்க முடியவில்லை.

வேருக்கு வந்த ஆக்சிஜனில் ஒரு பங்கு வேரின் தோலைத் தாண்டிச் சேற்றுக்குள் கசிகிறது. இந்தக் கசிவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நுனியை அடுத்தும் மெல்லிய பக்கவேர்களிலும் மிகுதி, முதிர்ந்த பகுதியில் மெழுகுபோன்ற சூபெரின் படிந்த புறத்தோல் அதை அடைத்துவிடும். கசிந்த ஆக்சிஜன் வேரைச் சுற்றி மெல்லிய, காற்றுள்ள உறை ஒன்றை அமைக்கிறது. அந்த உறைக்குள் வரும் சல்பைடு தீங்கற்றதாகிறது. கரைந்த ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்காகி வேரின்மேல் துருப்படலமாகப் படிகிறது. அலசிய வேரில் ஆரஞ்சிலிருந்து செங்காவி வரை தெரிவது இதுதான். தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் இது போகாது. ஃபெரிஹைட்ரைட், கோதைட், லெபிடோகுரோசைட் போன்ற இரும்பு ஆக்சைடுகளால் ஆனது இந்தப் படலம். சிலவற்றில் மாங்கனீசும் கலந்திருக்கும்.

இந்தப் படலத்தைச் செடியின் கவசம் என்று பல எழுத்துகள் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். ஆர்செனிக் இந்தத் துருவில் உறுதியாக ஒட்டிக்கொள்வதால் அதைப் பொறுத்தவரை கவசம் என்பது பெரும்பாலும் பொருந்தும். துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியவற்றில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. படலம் தடித்தும் உள்ளே போகும் அளவு குறையாத செடிகள் உண்டு. வளரும் வேர்நுனியில் பெரும்பாலும் படலமே இருக்காது. அந்த வெண்ணுனிதான் ஊட்டமும் நஞ்சும் நுழையும் வாசல். படலம் மிகத் தடித்துவிட்டால் பாஸ்பேட்டையும் அதுவே பிடித்துவைத்துச் செடியைப் பட்டினி போடும். வேரை ஒட்டிய சேற்றில் ஆக்சிஜன் குறையும் காலத்தில் படலம் கரைந்து, சேமித்ததைத் திருப்பிவிடவும் கூடும். ஆகவே படலம் இருக்கிறதா என்பதோடு, எந்த உலோகம், எவ்வளவு தடிப்பு, நுனி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.

வேரின் நிறம் ஒரு நாட்குறிப்புப் போன்றது. வெண்ணுனியும் ஆரஞ்சு உடலும் கொண்ட வேர் உயிரோட்டமாகச் சுவாசிக்கிறது. முழுதும் கறுத்து, நாற்றமடித்து, தொட்டால் தோல் உரியும் வேர், ஆக்சிஜன் கசிவு தோற்றுச் சல்பைடு உள்ளே புகுந்ததைச் சொல்கிறது. குட்டையாக, பருத்து, பக்கவேர் இல்லாமல் மொட்டையாக நிற்பது பெரும்பாலும் அலுமினிய நஞ்சின் அறிகுறி. பிஎச் 5-க்குக் கீழே உள்ள நீரில் இதை எதிர்பார்க்கலாம்.

ஐந்தாம் படி: உள்ளே புகுந்த உலோகத்துக்கு நேர்வது

கவசத்தைத் தாண்டிய உலோகம் முதலில் வேரின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. அதையும் கடந்தால், செல் தன்னிடமுள்ள குளூட்டாதயோன் என்னும் கந்தகச் சேர்மத்திலிருந்து பைட்டோகெலேட்டின் என்னும் சிறு சங்கிலிகளைக் கட்டுகிறது. 1985-ல் விவரிக்கப்பட்ட இந்தச் சேர்மங்களின் கந்தக முனைகள் காட்மியம் போன்றவற்றைக் கவ்விப்பிடிக்க, அந்தக் கட்டு வாக்குவோல் என்னும் பைக்குள் அடைக்கப்படுகிறது. வேரின் உள்வட்டத் தோல், நீர்க்குழாய்களுக்குள் போகும் வழியை மேலும் நெருக்குகிறது. இத்தனைக்கும் தப்பி இலைக்கு ஏறுவது சிறு பங்கே. ஆர்செனிக்கின் தந்திரம் வேறு: காற்றுள்ள மண்ணில் இருக்கும் அதன் வடிவமான ஆர்செனேட் பாஸ்பேட்டின் வாயில் வழியாகவும், ஆர்செனைட் சிலிக்கானின் வாயில் வழியாகவும் நுழைகிறது. நெல் ஆர்செனிக்கை ஏன் இவ்வளவு எளிதாக ஏற்கிறது என்பதற்கு, மூழ்கிய மண்ணும் சிலிக்கானை விரும்பி ஏற்கும் அதன் வேரும் சேர்ந்தே விடை.

விதிவிலக்குகள் உண்டு. நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் லெம்னா போன்ற நீர்ப்பாசிபோல் படரும் சிறுசெடிகளும் சேற்றின் பாதுகாப்பு இல்லாமல் நீரோடு நேரடியாக உறவாடுவதால் நிறைய உலோகத்தைச் சேர்க்கின்றன. ஈரநிலத்தில் வளரும் வில்லோ மரங்கள் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் இலைவரை ஏற்றுகின்றன. உதிரும் இலையோடு அது மண்பரப்புக்கு வந்துவிடும்.

ஆறாம் படி: பகுதி பகுதியாக அளந்து கணக்கிடுங்கள்

முழுச் செடியையும் ஒன்றாக அரைத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் கிடைக்கும் எண்ணால் பயனில்லை. வேர், மட்டநிலத்தண்டு, தண்டு, இளம் இலை, முதிர்ந்த இலை, காய்ந்து நிற்கும் இலை என்று பிரித்து, நன்கு உலர்த்தி, தனித்தனியே அளக்க வேண்டும். வேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை டைதயோனைட், சிட்ரேட், பைகார்பனேட் மூன்றும் கலந்த கரைசலில் ஊறவைத்துத் துருப்படலத்தைக் கழற்றிவிட்டு அளந்தால், வேருக்கு வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் பிரிந்து தெரியும். கனடாவின் சட்பரிப் பகுதிச் சதுப்புகளை ஆராய்ந்த டெய்லர், கிரவுடர் ஆகியோர் 1983-ல் இம்முறையைச் சதுப்புத் தாவர வேர்களுக்குக் கையாண்டனர்.

இலையிலுள்ள செறிவை வேரிலுள்ள செறிவால் வகுத்தால் கிடைப்பது கடத்துகாரணி. 1-க்குக் கீழே இருந்தால் செடி உலோகத்தைக் கீழேயே நிறுத்துகிறது என்று பொருள்; சம்பிலும் நாணலிலும் பெரும்பாலும் இது 1-க்கு வெகு கீழே இருக்கும். மாங்கனீசு மட்டும் மற்றவற்றைவிட எளிதாக மேலேறும்.

செடி உறிஞ்சுவதால் நீர் சுத்தமாகிறது என்ற நம்பிக்கையைத் தீர்த்துவைக்க ஒரு கணக்குப் போதும். சுரங்கநீரைத் தூய்மைப்படுத்த அமைக்கும் சதுப்புகளில், போதிய காரத்தன்மை உள்ள நீரிலிருந்து சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 கிராம் இரும்பு படியும் என்பது அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர்கள் 1994-ல் தந்த வடிவமைப்பு அளவு. குறைந்த அளவையே எடுத்தாலும் ஆண்டுக்கு 3,650 கிராம். ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 2 கிலோ உலர்ந்த தழை விளைகிறது, அதில் கிலோவுக்கு 500 மி.கி. இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அறுவடையில் வெளியேறுவது 1 கிராம். மீதி முழுவதும் சேற்றில் இருக்கிறது. செடியின் வேலை உறிஞ்சுவது அன்று. நீரோட்டத்தை மெதுவாக்கித் துருவைப் படியவைப்பதும், பாக்டீரியாவுக்குத் தழை உணவு அளிப்பதும், சேற்றை வேரால் கட்டிப்பிடிப்பதுமே அதன் வேலை.

ஏழாம் படி: துன்பத்தின் அறிகுறிகளைப் பிரித்தறியுங்கள்

தாங்குவது என்றால் நோகாமல் இருப்பது என்று பொருளன்று. இளம் இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளுத்தால், நிக்கல், செம்பு அல்லது துத்தநாகம் இரும்பின் பயன்பாட்டைத் தடுத்திருக்கலாம். முதிர்ந்த இலையில் வெண்கல நிறப் புள்ளிகள் தோன்றி விரிவது இரும்பு மிகுந்ததைக் காட்டும். இலை கரும்பச்சையாகவோ ஊதா படர்ந்தோ சிறுத்திருந்தால், இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பிணைத்துவிட்டதால் வந்த பட்டினியாக இருக்கக்கூடும். பூக்காமை, விதை முளைக்காமை, கிழங்கு மட்டும் பரவுதல் ஆகியவற்றையும் பாருங்கள். வளர்ந்த செடி தாங்கும் நீரில் நாற்று பிழைக்காமல் போவது வழக்கம். அப்படிப்பட்ட சதுப்பு வெளியிலிருந்து பார்க்கப் பசுமையாக இருந்தாலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்திருக்கிறது.

எட்டாம் படி: வறட்சியையும் மழையையும் கணக்கில் சேருங்கள்

ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பல ஆண்டுகள் சேற்றில் சல்பைடாக உறங்கிய உலோகம், நீர் வற்றிக் காற்றுப் பட்டதும் பைரைட்டுக்கு நேர்ந்தது போலவே ஆக்சிஜனேற்றம் அடைந்து, அடுத்த மழையில் அமிலமும் உலோகமுமாகச் சேர்ந்து கீழே இறங்கும். சட்பரியைச் சுற்றியுள்ள சதுப்புகளும் ஏரிகளும் வறட்சிக்குப் பின் இப்படிப் புளித்தது நன்கு பதிவான செய்தி. செடிகளின் இலையுதிர்வும் கவனத்துக்குரியது. காய்ந்து நீரில் கிடக்கும் தழை மட்கும்போது சுற்றிலுமிருந்து உலோகத்தை ஒட்டவைத்துக்கொள்வதால், பச்சை இலையைவிடச் சருகில் செறிவு மிகுந்திருக்கும். அந்தச் சருகைத் தின்னும் புழுவும் பூச்சியும் வழியாகத்தான் உலோகம் பறவைக்கும் மீனுக்கும் போகிறது.

பொன்னெடுக்கப் பாதரசம் பயன்படுத்திய பகுதிகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. சல்பேட்டை ஒடுக்கும் அதே பாக்டீரியாக்களில் சில, பாதரசத்தை உணவுச்சங்கிலியில் பெருகும் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அத்தகைய இடத்தில் புதிதாகச் சதுப்பை உருவாக்குவது தீர்வாகாமல் தீங்காகலாம்.

ஒன்பதாம் படி: நடுவதானால் இப்படி

1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் ஸ்ஃபேக்னம் பாசிச் சதுப்புகளைக் கடந்துவந்த நிலக்கரிச் சுரங்கநீர் தெளிந்திருப்பதைக் கண்டே, செயற்கைச் சதுப்பு அமைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. முதலில் அந்தப் பாசியையே நட்டார்கள். அதன் பிடிக்கும் திறன் விரைவில் நிறைந்து, பாசியும் பட்டுப்போனது. அதன்பிறகே சம்பு முதன்மை பெற்றது. இயற்கைச் சதுப்பை வடிகட்டியாகப் பயன்படுத்தலாம் என்ற பாடத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. நலமாக உள்ள ஒரு சதுப்புக்குள் சுரங்கநீரைத் திருப்பிவிடுவது அதைக் கழிவுக்குட்டையாக்கும் செயல்.

நீரின் காரத்தன்மை அமிலத்தன்மையைவிட மிகுந்திருந்தால், ஆழமற்ற, காற்றுப்படும் சம்புப் படுகை போதும். அமிலம் மிகுந்திருந்தால், முதலில் சுண்ணாம்புக்கல்லும் கரிமப்பொருளும் கொண்ட அடுக்கின் வழியே நீரைச் செலுத்திப் புளிப்பைக் குறைத்த பிறகே படுகைக்கு விட வேண்டும். இல்லாவிட்டால் படியும் இரும்பு புதிய அமிலத்தைப் பெற்றெடுத்துக்கொண்டே இருக்கும். மாங்கனீசும் துத்தநாகமும் குறைவான பிஎச்சில் படியா. அவற்றுக்கு இரும்பு நீங்கிய பிறகு தனியே ஒரு படுகை வேண்டும்.

நடவில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. அந்த வட்டாரத்துக்கு உரிய இனங்களையே நடுங்கள். ஆகாயத்தாமரையைப் புது நீர்நிலைக்குக் கொண்டுவருவது, ஐரோப்பிய நாணலை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது போன்றவை மாசைவிட நெடுநாள் நீடிக்கும் கேடுகள். விதையைவிட மட்டநிலத்தண்டுத் துண்டுகள் நன்றாகப் பிடிக்கும். தூய நீரில் ஒரு வளர்பருவம் வேரூன்றவிட்டு, பிறகு சுரங்கநீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீராழம் 15 முதல் 30 செ.மீ. வரை நிலையாக இருக்கட்டும். துரு படியப் படியப் படுகையின் தரை உயரும் என்பதால் கரையை முன்கூட்டியே உயர்த்திக் கட்டுங்கள்.

பத்தாம் படி: தடுக்க வேண்டியவையும் குறித்துவைக்க வேண்டியவையும்

சுரங்கநீர்ச் சதுப்பில் கால்நடைகளை மேயவிடாதீர்கள். இலையில் உலோகம் குறைவாக இருந்தாலும், இலையோடு ஒட்டிய சேற்றையும் வேரையும் அவை சேர்த்து விழுங்கும். செம்மறியாடுகளுக்குச் செம்பு சிறிதளவு மிகுந்தாலும் நஞ்சாகும். சம்பின் கிழங்கு உண்ணத்தக்கது என்பதால் மனிதர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அறுத்த தழையையும் தூர்வாரிய சேற்றையும் வயலுக்கு உரமாகக் கொடுக்கக் கூடாது. எரித்தால் சாம்பலில் உலோகம் செறியும், காட்மியம் புகையோடும் போகும். தூர்வாரிய கருஞ்சேற்றைக் கரையில் குவித்து உலரவிடுவது எல்லாவற்றிலும் கெட்டது, ஏனெனில் எட்டாம் படியில் சொன்ன அமில வெள்ளம் அந்தக் குவியலிலிருந்தே தொடங்கும். சேற்றை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், நீர்புகாத குழியில் ஈரத்தோடு மூடிவையுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடங்களில், நிலையாக நட்ட குச்சிகளை வைத்து, நீர்மட்டம், உள்ளே வரும் நீரின் பிஎச், வெளியே போகும் நீரின் பிஎச், சேற்றின் கறுப்பு தொடங்கும் ஆழம், புதிய வெண்ணுனி வேர்கள், முளைத்த நாற்றுகள், காணப்பட்ட இனங்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்யுங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையன்று, வெளியே போகும் நீரை மணிக்கொருமுறை எடுக்க ஆள் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு நாளின் எண்கள், அமைதியான பன்னிரண்டு மாதங்களின் எண்களைவிட அந்தச் சதுப்பைப் பற்றி அதிகம் சொல்லும்.